செவப்பு மூத்திரம் ஒரு நோய், மஞ்சக் கண்ணு இன்னொரு நோய்

நாவலப்பிட்டி பக்கத்துத் தோட்டம் ஒண்ணுலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். கடிதம் நாலு பக்கம், சுருக்கிச் சொல்றேன். கொழும்பில கடை வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து, கடன் வாங்கி, நுவரெலியாவுக்கு மேல ஒரு இடத்திலேருந்து ஃபிரீசியன் கலப்பு மாடு ஒண்ணை 3 லட்சத்து 20 ஆயிரம் ரூவாய்க்கு வாங்கி லொறியில இறக்கியிருக்கார். ரெண்டாவது ஈத்து, கன்னுக்குட்டியோட வந்துச்சு, நாளைக்கு 14 லீட்டர் கறந்துச்சாம். வந்து 16ஆம் நாள் காய்ச்சல், மூத்திரம் பால் ஊத்தாத கோப்பி மாதிரி. ஊசி போடுற ஒருத்தர் மஞ்சள் நிற மருந்துத் தூள் ஒண்ணைத் தண்ணியில கரைச்சு ஊசியாப் போட்டார், நாலு நாள்ல மாடு எந்திரிச்சு சாப்பிட ஆரம்பிச்சுருச்சு. அது முடிஞ்சு அஞ்சு வாரம் போல இருக்கும், இப்ப திரும்பக் காய்ச்சல். இந்தத் தடவ மூத்திரம் செவக்கல, ஆனா கண்ணு மஞ்சள், சாணி கல்லு மாதிரி, நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடுது. அதே ஆள் வந்து அதே தூளைப் போட்டும் ரெண்டு நாளா ஒரு மாத்தமும் இல்ல. "மருந்து போலியா டொக்டர்? அம்மா கண்ணூறுன்னு சொல்றாங்க. மாட்டைப் பட்டியை விட்டு வெளியில விடுறதே இல்ல, உண்ணி எப்படி வந்துச்சு? கன்னுக்குட்டிக்கும் வருமா? பாலை சென்டருக்கு ஊத்தலாமா?" இதான் கேள்வி.

தம்பி, அவசரமானதை முதல்ல சொல்லிடுறேன். மாட்டை நடத்தாதீங்க. மிருக வைத்தியர் ஒஃபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அந்த மேட்டு ரோட்டில ஏத்தி இறக்காதீங்க, ரத்தம் தண்ணியாப் போன மாடு மூச்சு வாங்கி வழியிலயே விழுந்துரும். நான் வேலைக்கு வந்த புதுசில கொத்மலைப் பக்கத்து ஐயா ஒருத்தர்கிட்ட மாட்டைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன், சொன்னது நான்தான், அவர் ரெண்டு மைல் நடத்திக் கூட்டிட்டு வந்தார், கேட்டுக்கிட்ட வந்து படுத்த மாடு எந்திரிக்கவே இல்ல. கீழ் இமையை விரிச்சுப் பாத்தா உள்ளுக்குள்ள கடுதாசி மாதிரி வெள்ளை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த இமைதான் ஞாபகத்துக்கு வருது. அதனால டொக்டரை அங்க வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நிழல்ல கட்டி, பச்சைப் புல்லும் நிறையத் தண்ணியும் பக்கத்துலயே வைங்க. மலச்சிக்கல்னு நெனச்சு நல்லெண்ணெய், கசாயம்னு போத்தல்ல ஊத்தி வாயில திணிக்காதீங்க, சோர்ந்த மாட்டுக்கு அது நேரா நுரையீரலுக்குப் போயிரும், அப்புறம் உண்ணிக் காய்ச்சலை விட்டுட்டு நியூமோனியாவைப் பாக்கணும். இன்னொண்ணு, எவ்வளவு சாதுவான மாடா இருந்தாலும் முன்னால நின்னு கொஞ்சாதீங்க, ரத்தம் கொறஞ்சு மூளைக்குக் காத்து போதாம இருக்கிற மாடு திடீர்னு முட்ட வரும்.

இப்ப கதைக்கு வருவோம். கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். மருந்து போலி இல்ல தம்பி. முதல் தடவ போட்டது சரியான மருந்துதான், நோய்க்குப் பொருத்தமா அமைஞ்சுருச்சு. ரெண்டாவது தடவ மருந்து அதே, நோய் வேற.

நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்னு ஒரே பேரா சொல்றோம், சிங்களத்திலயும் கினிதுலு உணன்னு ஒரே பேர்தான், ஆனா அந்தப் பேருக்குள்ள குறைஞ்சது மூணு நோய் ஒளிஞ்சிருக்கு. மொதலாவது பபேசியா. இது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, உண்ணி கடிக்கும்போது எச்சிலோட உள்ள போயி ரத்தத்துச் செவப்பு அணுவுக்குள்ள புகுந்து, ரெண்டாப் பெருகி அணுவை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அணு ரத்தக் குழாய்க்குள்ளயே உடையுறதால அதோட செவப்புச் சாயம் சிறுநீரகம் வழியா மூத்திரத்துல இறங்குது, அதான் அந்தக் கோப்பி கலர், நல்லா நுரையும் கட்டும். உங்க மாட்டுக்கு முதல்ல வந்தது இதாத்தான் இருக்கணும். உண்ணி கடிச்சு ஒரு வாரத்திலேருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் காட்டும், நீங்க சொன்ன 16 நாள் அப்படியே பொருந்துது. அந்த மஞ்சள் தூள் டிமினசீன், பெரனில்னு சொன்னா பழைய ஆளுங்களுக்கு உடனே தெரியும். பபேசியாவை அது நல்லா அடிக்கும்.

ரெண்டாவது அனாப்பிளாஸ்மா. இது ஒட்டுண்ணி கூட இல்ல, பாக்டீரியா வகை, ஆனா இருக்கிறது அதே செவப்பு அணுவுக்குள்ளதான், பரவுறதும் அதே உண்ணியாலதான், அதனால எல்லாரும் ஒரே கூடையில போட்டுடுறாங்க. வித்தியாசம் எங்கன்னா, இதுல அணு குழாய்க்குள்ள உடையுறதில்ல. மண்ணீரல் கெட்ட அணுவைப் பொறுக்கிப் பொறுக்கி அழிக்குது. அதனால மூத்திரத்துல செவப்பு இறங்காது, அழிஞ்ச அணுவோட கழிவு உடம்பெல்லாம் மஞ்சளாத் தேங்கும், கண்ணு, பல் முரசு, பெண்குறியோட உள் தோல் எல்லாம் மஞ்சள் அடிக்கும், சாணி கட்டிப்பட்டு கருப்பா வரும். நீங்க எழுதினது வரிக்கு வரி இதான். டிமினசீன் இதுக்கு வேலை செய்யாது. நாலு பாக்கெட் கரைச்சுப் போட்டாலும் செய்யாது, அளவு கூடினா மாட்டுக்குத்தான் கேடு.

மாட்டுக்கு இது எப்ப வந்துச்சுங்கிறதுதான் எனக்கு உறுத்துது. அனாப்பிளாஸ்மா உள்ள போயி வெளிய காட்ட மூணு வாரத்திலேருந்து அஞ்சு ஆறு வாரம் கூட எடுக்கும். ஒரே நேரத்துல கடிச்ச உண்ணிங்க ரெண்டையும் கொடுத்திருக்கலாம், பபேசியா முந்திக்கிட்டு வந்துச்சு, இது பின்னால வந்துச்சு. அப்படி நடக்கிறது சகஜம். ஆனா உங்க கடிதத்துல மூணாம் பக்கத்துல ஒரு வரி போற போக்கில எழுதியிருக்கீங்க, "அவர் மேல் லயத்து மாட்டுக்குப் போட்டுட்டு அப்படியே எங்க மாட்டுக்கும் வந்து போட்டார்"ன்னு. அந்த அப்படியேல ஊசி மாத்தினாரா? அனாப்பிளாஸ்மாவுக்கு உண்ணிதான் வேணும்னு இல்ல, ஊசி நுனியில ஒட்டியிருக்கிற ரத்தம் போதும், கொம்பு அறுக்கிற கத்தி, காது குத்துற கருவி, கடிக்கிற மாட்டு ஈ எல்லாமே அதைக் கடத்தும். நாள் கணக்குப் பாத்தா ஊசி போட்ட நாளுக்கும் இப்ப காய்ச்சல் வந்த நாளுக்கும் நடுவுல அஞ்சு வாரம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இனிமே ஒரு மாட்டுக்கு ஒரு ஊசின்னு நீங்களே நாலு ஊசி வாங்கி வீட்டுல வைங்க, அந்த ஆளைக் கோவிச்சுக்க வேணாம், ஊசியை மட்டும் மாத்தச் சொல்லுங்க.

மூணாவது தைலேரியா. உங்க மாட்டுக்கு இது இருக்கும்னு நான் நினைக்கல, ஆனாலும் தெரிஞ்சு வைங்க. தோளுக்கு முன்னால, காதுக்குக் கீழ இருக்கிற நெறி வீங்கி கைக்கு முட்டை மாதிரி தட்டுப்படும், காய்ச்சல் விடாது, இமை வெளுத்துக்கிட்டே போகும். இதுக்கு மருந்து புபார்வகோன், அது தனி ஊசி, மத்த ரெண்டுக்கும் அது ஆகாது.

ஆக மூணு நோய், மூணு மருந்து, வெளிய பாத்தா எல்லாத்துக்கும் காய்ச்சல், எல்லாத்துக்கும் சோர்வு. உங்க மாட்டுக்குக் கூட இது வேற நோய்னு நான் சொல்றது கடிதத்தை வச்சு ஊகந்தான், பழைய பபேசியாவே மிச்சம் இருந்து திரும்பியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ரெண்டும் சேந்தும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்றது ஒரு சொட்டு ரத்தம் மட்டும்தான். உங்க அம்மாவைக் கேளுங்க, அந்தக் காலத்துல மலேரியாக்காரங்க வந்து விரல்ல குத்தி கண்ணாடியில ரத்தம் தேய்ச்சு எடுத்துட்டுப் போவாங்களே, ஞாபகம் இருக்கும். இலங்கையில மலேரியா ஒழிஞ்சதா உலக சுகாதார நிறுவனம் 2016ல சான்றிதழே கொடுத்துருச்சு, ஆனா மாட்டோட மலேரியா இங்கயேதான் இருக்கு. சொல்லப்போனா பூச்சி கடிச்சு நோய் பரவும்னு கொசுவுக்கு முன்னாலயே மாட்டு உண்ணியில கண்டுபிடிச்சாங்க, 1893ல அமெரிக்காவில ஸ்மித், கில்போர்ன்னு ரெண்டு பேர் இதே பபேசியாவை வச்சு எழுதினாங்க, ரொனால்ட் ரொஸ் கொசுவுக்குள்ள மலேரியாவைப் பாத்தது 1897லதான். கொசுவுக்குத்தான் பேர் கெடச்சுச்சு, உண்ணியை யாரும் கண்டுக்கல.

டொக்டர் வந்தா காது நுனியைத் துடைச்சு, ஓரத்து நரம்புல லேசாக் குத்தி, வர்ற முதல் சொட்டை ஸ்லைட்ல வச்சு இன்னொரு ஸ்லைட்டால சாய்ச்சுத் தள்ளுவார், நாக்கு மாதிரி மெல்லிசா ஒரு படலம் வரும். அது காயுற வரைக்கும் ஈ மொய்க்காமப் பாத்துக்கிறது உங்க வேலை, சிரிக்காதீங்க, பட்டியில ஈ வந்து அந்தப் படலத்தைத் தின்னுட்டுப் போனதை நானே பாத்திருக்கேன். அப்புறம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா, பபேசியா அணுவுக்கு நடுவுல பேரிக்காய் ரெண்டு காம்போட காம்பு சேந்து தொங்குற மாதிரி இருக்கும், அனாப்பிளாஸ்மா அணுவோட ஓரத்துல பேனாவால வச்ச புள்ளி மாதிரி கருநீலமா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு தரம் பாத்தவங்களுக்கு மறக்காது. அங்க பாக்க வசதி இல்லன்னா கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேராதனை பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கோ அனுப்புவாங்க. ஒரே ஒரு விசயம், ரத்தம் எடுத்துட்டு அப்புறம் ஊசி. மருந்து உள்ள போயிட்டா ரத்தத்துல தேடினாலும் கிருமி கிடைக்காமப் போகலாம், ஏற்கனவே போட்ட தூளைப் பத்தியும், எந்த நாள் எத்தனை பாக்கெட்னு, மறைக்காமச் சொல்லுங்க.

அனாப்பிளாஸ்மான்னு வந்தா பெரும்பாலும் ஒக்சிடெட்ராசைக்கிளின் லோங் எக்டிங் போடுவார், இல்லாட்டி இமிடோகார்ப். இங்க ஒரு தப்பு அடிக்கடி நடக்குது, அதுக்காகத்தான் அளவைப் பத்தி வாயைத் திறக்கிறேன். அந்த லோங் எக்டிங் 200 மில்லிகிராம் மருந்துல 10 கிலோ எடைக்கு 1 மில்லி கணக்கு, 400 கிலோ மாட்டுக்கு 40 மில்லி, அதையும் ஒரே இடத்துல குத்த முடியாது, இடத்துக்கு 10 மில்லின்னு பிரிச்சுப் போடணும். ஊசிக்காரங்க "ஒரு 10 மில்லி அடிச்சிருக்கேன்"ன்னு சொல்லிட்டுப் போறதும், ரெண்டு நாள் கழிச்சு மருந்து கேக்கலன்னு ஆளுங்க வந்து நிக்கிறதும், கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. இமிடோகார்ப் வேற மாதிரி, அதுல கூடினா ஆபத்து, வாயில நுரை தள்ளி வயித்தால போகும், அதை டொக்டர் கையாலதான் போடணும். ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருந்தா வேற நல்ல மாட்டுலேருந்து நாலஞ்சு லீட்டர் எடுத்து ஏத்துறதும் உண்டு, மாட்டுக்கு முதல் தடவ ஏத்துறதுக்கு நம்மள மாதிரி குரூப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இல்ல. ஆனா கொடுக்கிற மாட்டுக்கு முதல்ல ஸ்லைட் பாக்கணும்.

செவப்பு மூத்திரம் பத்தி இன்னொரு சின்ன விசயம், இதை வாசிக்கிற மத்தவங்களுக்காக. செவந்ததெல்லாம் உண்ணிக் காய்ச்சல் இல்ல. மூத்திரத்தைக் கண்ணாடிப் போத்தல்ல பிடிச்சு ஒரு மணித்தியாலம் ஆடாம வைங்க. செவப்பு அடியில வண்டலா இறங்கி மேல தெளிஞ்சா அது நிஜ ரத்தம், சிறுநீர்ப்பை கோளாறு. மலையில பன்னச் செடி மேஞ்ச மாட்டுக்கு காய்ச்சலே இல்லாம மாசக் கணக்குல இப்படிப் போகும். தெளியாம அப்படியே கோப்பியா நின்னா உடைஞ்ச அணுவோட சாயம், அப்ப தேர்மோமீட்டர் வைங்க. மாட்டுக்கு 101.5 பாகை சாதாரணம், 104க்கு மேல ஏறினா உண்ணியைச் சந்தேகப்படுங்க. காய்ச்சல் இல்லாம சாயம் மட்டும் போனா, அதுவும் கன்னு போட்ட சில வாரத்துல, பொஸ்பரஸ் குறையா இருக்கலாம். எலிக்காய்ச்சல்லயும் சாயம் போகும், ஆனா அதுல காய்ச்சலும் இருக்கும். தேர்மோமீட்டர் பின்னால ஒரு நூல் கட்டி வால்ல கிளிப் போடுங்க, உள்ள இழுத்துக்கிட்டா நான் பொறுப்பில்ல.

அம்மா கண்ணூறு கழிச்சதுல தப்பில்ல, அழகான மாடு, ஊரே பாத்திருக்கும். ஆனா என் கண்ணுக்கு, ஊறு லொறி ஏறின அன்னிக்கே தொடங்கிருச்சு. நுவரெலியா 6,000 அடிக்கு மேல, நாவலப்பிட்டி 2,000 அடி கிட்ட. அந்தக் குளிர்ல உண்ணி முட்டை பொரிக்கத் தடுமாறும், அதனால மேல வளந்த மாடு உண்ணியையும் அதோட கிருமியையும் அதிகமாப் பாத்திருக்காது, உடம்புல எதிர்ப்பு இருக்காது. கீழ உங்க பக்கத்து மாடுங்க சின்னதிலயே கடி வாங்கி, கிருமியை உள்ள வச்சுக்கிட்டே நோகாம நிக்குதுங்க. அதுங்க நடுவுல கன்னு போட்டு, கறந்துக்கிட்டு, லொறியில அலைஞ்சு வந்த ஒரு ஃபிரீசியனைக் கொண்டு விட்டா அதுதான் விழும். அடுத்த மாடு வாங்கினா உங்க உயரத்துலயே, பக்கத்து ஊர்லயே பாருங்க, நாலு லீட்டர் கொறஞ்சாலும் பரவாயில்ல. மேலருந்துதான் வேணும்னா பெரிய மாட்டை விட்டுட்டு சின்னக் கெடேரியாக் கொண்டு வாங்க.

கன்னுக்குட்டியைப் பத்திப் பயப்படுறீங்க, இங்கதான் ஒரு வேடிக்கை. பபேசியாவுக்கும் அனாப்பிளாஸ்மாவுக்கும் வீட்டுலயே தைரியமா நிக்கக் கூடியது அதுதான். ஒன்பது மாசம் வரைக்கும் கன்னுங்க இந்த ரெண்டையும் நல்லாத் தாங்கும், லேசா வந்து போயிரும், அப்புறம் எதிர்ப்பு தங்கிரும். அதனால கன்னு மேல ஒண்ணு ரெண்டு உண்ணி தெரிஞ்சா அலறிக்கிட்டு மருந்து அடிக்காதீங்க. கொத்துக் கொத்தா ஏறவும் விடாதீங்க, தைலேரியா கன்னையும் விடாது, சும்மா ரத்தம் குடிச்சே உண்ணி கன்னை இளைக்க வச்சுரும்.

வெளிய விடாத மாட்டுக்கு உண்ணி எப்படின்னா, புல்லுக் கட்டுல. பீலிக்கரைப் பக்கம், ரோட்டோரம், மத்த மாடு மேயுற இடத்துல அறுத்துட்டு வர்ற புல்லு நுனியில உண்ணிக் குஞ்சு கடுகை விடச் சின்னதா கொத்தாக் காத்துக்கிட்டு இருக்கும், தூசின்னு நெனப்பீங்க. மாட்டு மேல ஏறினா அதே மாட்டுலயே வளந்து மூணு வாரத்துல ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதை அளவுக்கு ஊதி கீழ விழும், விழுந்தது பட்டிச் செவர் வெடிப்புல, பலகைக்கு அடியில போயி 2,000, 3,000 முட்டை போட்டுட்டுச் செத்துரும். அந்த முட்டைக்குள்ளயே பபேசியா அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கும். அதனால மாட்டுல பொறுக்குறதை கீழ போட்டு மிதிக்காதீங்க, சவர்க்காரத் தண்ணி டின்ல போடுங்க. காது உள்பக்கம், தாடை, மடிக்கும் தொடைக்கும் நடுவுல, வாலுக்கு அடியில, இந்த நாலு இடத்தைத் தினமும் பால் கறக்கும்போது கையால தடவிப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. பட்டி வெடிப்பை சீமெந்தால பூசுங்க, நாலு நாட்டுக்கோழியை உள்ள விடுங்க, பொறுக்கித் தின்னும்.

மருந்து அடிக்கிறதுன்னா அமிட்ராஸ் 12.5 வீதம், ஒரு லீட்டர் தண்ணிக்கு 2 மில்லி, ஒரு மாட்டுக்கு நாலஞ்சு லீட்டர் வயித்துக்கு அடியிலயும் நனையுற மாதிரி. இந்த உண்ணியோட கணக்கு மூணு வாரம், அதனால மூணு வாரத்துக்கு ஒரு தடவை உண்ணி இருக்கிற வரைக்கும். மிச்சம் பிடிக்கிறேன்னு பாதி அளவு கலந்தா சாகாத உண்ணிங்க மருந்துக்குப் பழகிரும். குதிரை பக்கத்துல இருந்தா இந்த மருந்து அது மேல படவே கூடாது, நுவரெலியாவுல போனி வச்சிருக்கிறவங்களும் இதைக் கவனிங்க. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற டாங்கியை மாட்டுக்கு எடுக்காதீங்க, கிழங்குக்கு அடிக்கிற மருந்தையே மாட்டு மேல அடிச்சு ஒரே ராத்திரியில ரெண்டு மாட்டைப் பறிகொடுத்த வீட்டை நான் பாத்திருக்கேன். இப்ப நோயில இருக்கிற மாட்டுக்கு ஸ்ப்ரே வேணாம், கையால பொறுக்குங்க, தேறட்டும். ஐவர்மெக்டின் ஊசியை யாராவது சொன்னா கறவை மாட்டுக்கு வேணாம்னு சொல்லிடுங்க, பாலோட வெளிய வரும்.

பால். இந்த நோய் பால் வழியா மனுசனுக்கு வராது, அதுல பயம் வேணாம். ஊசி மருந்து வரும். ஒக்சிடெட்ராசைக்கிளின் போட்டா போத்தல்ல போட்டிருக்கிற நாள் வரைக்கும், பெரும்பாலும் ஒரு வாரம் கிட்ட, சென்டருக்கு ஊத்தாதீங்க, வீட்டுலயும் குடிக்காதீங்க, ஊத்தினா மத்தவங்க பாலும் சேந்து டாங்க்கோட கெடும். இமிடோகார்ப்னா இன்னும் நாள் கூட, டொக்டர்கிட்டயே கேட்டு கலண்டர்ல குறிச்சு வைங்க. அந்தத் தூளுக்கும் நாள் கணக்கு உண்டு, முந்தாநாள் போட்டிருக்கீங்க, இப்பவே நிப்பாட்டுங்க. கடன் கட்டணும், ஒரு வாரப் பால் காசு போறது வலிக்கும்னு தெரியும். மாடு தேறினாலும் உடனே 14 லீட்டரை எதிர்பாக்காதீங்க, ரத்தம் ஊறவே ரெண்டு மூணு மாசம் ஆகும், இந்த ஈத்துல 8, 9ல நின்னாலும் சந்தோசப்படுங்க, புண்ணாக்கை மட்டும் குறைச்சுடாதீங்க.

கடைசியா, மேல் லயத்து மாடு. அன்னிக்கு உங்க மாட்டுக்கு முன்னால ஊசி வாங்குச்சே, அது இப்ப சும்மா நின்னு புல்லுத் தின்னுக்கிட்டு இருக்கும். டொக்டர் வர்ற அன்னிக்கே அதோட காதுலயும் ஒரு சொட்டு எடுக்கச் சொல்லுங்க, வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே பேசி வைங்க, குத்தம் சொல்ற மாதிரி இல்லாம.